டூயல் கிளட்ச் ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குவது முதல் கால் பழகுவது வரை

பதினெட்டு வருடம் மேனுவல் கியர் கார் மட்டுமே ஓட்டியவன் நான். போன வருடம் பெங்களூரில் ஒருவரிடமிருந்து ஆடி டி.டி. ஒன்றை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். 2016 மாடல், இரண்டு கதவு, 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், ஆறு கியர் உள்ள எஸ் டிரானிக் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். கார் வந்த பன்னிரண்டாம் நாள், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் சரிவில் பாதி ஏறி நின்றபோது, கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓட்டும் முறையை மாற்றுங்கள் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. காரில் எந்தக் கோளாறும் இல்லை. என் கால் பழக்கம்தான் தவறு.

வாங்கும் முன் நான் கேட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “ஆட்டோமேட்டிக்தானே, டி-யில போட்டுட்டுப் போயிட்டே இருங்க.” அதை நம்பியதால்தான் அந்தச் சரிவில் மாட்டினேன். இந்தக் காரில் கிளட்ச் பெடல்தான் இல்லை. கிளட்ச் இருக்கிறது, அதுவும் இரண்டு. அவற்றைத் தேய விடுவதும் காப்பாற்றுவதும் உங்கள் வலது காலில் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

1. முன்பணம் கொடுப்பதற்கு முன்

கியர்பாக்ஸ் வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டி.டி.-யில் ஒரு கிளட்ச் 1, 3, 5 கியர்களையும் ரிவர்ஸையும் பார்த்துக்கொள்கிறது. மற்றொன்று 2, 4, 6 கியர்களை. நீங்கள் மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்காவது விழுந்து தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விடும் அதே நேரத்தில் மற்றது பிடிக்கும். அதனால்தான் கியர் மாறுவதே தெரிவதில்லை.

இந்த கிளட்சுகளில் இரண்டு வகை உண்டு. எண்ணெயில் மூழ்கி ஓடுவது ஈர கிளட்ச்; மேனுவல் காரில் இருப்பதுபோல எண்ணெய் படாமல் ஓடுவது உலர் கிளட்ச். டி.டி., போர்ஷேவின் டூயல் கிளட்ச் பெட்டியான பி.டி.கே., ஆக்டேவியா ஆர்.எஸ். எல்லாம் ஈர வகை. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., விர்ட்டஸ் 1.5, ஐ20 என் லைன் போன்றவற்றில் உள்ள ஏழு கியர் பெட்டி உலர் வகை. ஈர வகை சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் எண்ணெய் மாற்றும் செலவு உண்டு. உலர் வகைக்கு அந்தச் செலவு இல்லை, ஆனால் நகர நெரிசலில் சீக்கிரம் சூடாகும். எது உங்கள் காரில் இருக்கிறது என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். சமதரையில் டி (டிரைவ்) போட்டு, ஆக்சிலரேட்டர் தொடாமல் பிரேக்கை மட்டும் விடுங்கள். கார் வழுக்கிக்கொண்டு போவதுபோல மெதுவாக நகர வேண்டும். வெட்டி வெட்டி நகர்ந்தால் கவனம். அடுத்து லேசான மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். இருக்கையில் அதிர்வு தெரிந்தால் அது கிளட்ச் பேசும் மொழி. பிறகு மிக மென்மையாக மிதித்து, 1, 2, 3 கியர் மாறுவதைக் கவனியுங்கள். வேகமாக மிதித்தால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் மாறும்.

டி.டி.-யின் ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கி.மீ.-க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்ட்டரும் மாற்ற வேண்டும். அந்த பில்லைக் கேளுங்கள். “இது லைஃப் டைம் ஆயில் சார்” என்று சொன்னால் மாற்றவில்லை என்று பொருள். கடைசியாக, ஜெர்மன் கார் வேலை தெரிந்த ஒரு தனி மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கேன் செய்து பாருங்கள். எனக்கு 4,500 ரூபாய் ஆனது. அந்த மொத்தச் செலவில் நான் மனதார கொடுத்த பணம் அதுதான்.

2. பேப்பர்கள், வரி, காப்பீடு

வேறு மாநிலப் பதிவெண் உள்ள காரை வாங்கினால், விற்பவரிடமிருந்து வாங்க வேண்டியவை: அசல் ஆர்.சி., அசல் இன்வாய்ஸ், கையெழுத்திட்ட படிவம் 28 (என்.ஓ.சி., அதாவது பழைய ஆர்.டி.ஓ.-வின் தடையில்லாச் சான்று), 29, 30, கடனில் வாங்கிய கார் என்றால் வங்கிக் கடிதத்துடன் படிவம் 35, நடப்பில் உள்ள காப்பீடு, பொல்யூஷன் சர்டிபிகேட், அவருடைய அடையாளச் சான்று. நம் பக்கம் புதிய எண் கேட்க படிவம் 27, முகவரிச் சான்று, பான் கார்டு. சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சிக்கிய இடங்கள் மூன்று.

முதலாவது, பழைய அபராதம். என் காருக்கு முன்னாள் உரிமையாளர் கட்டாத இரண்டு சலான்கள் இருந்தன. அவை தீரும்வரை என்.ஓ.சி. நகரவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, வரி. தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸை நீங்கள் கொடுத்த விலையை வைத்துக் கணக்கிடுவதில்லை. கார் புதிதாக விற்ற விலையிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. காரின் வயதுக்கேற்ப அது குறையும், உண்மைதான். ஆனால் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு விகிதம் 20 சதவீதம். டி.டி. 2015-இல் இங்கே அறிமுகமானபோதே ஷோரூம் விலை 60 லட்சத்தைத் தாண்டியது. பாதி விலைக்குக் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் இந்தத் தொகையை மறந்துவிடக் கூடாது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிட்டு, அதைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் யாருக்குச் சேரும் என்பதை விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் வரும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

மூன்றாவது, காப்பீடு. கார் கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்குத்தான் பாதுகாப்பு. உங்கள் காருக்கு நேர்ந்தால் கையிலிருந்துதான் போகும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) அவருடையது, காருடன் உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையையும் கட்ட வேண்டியிருக்கும். 1500 சி.சி.-க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 2022 ஜூன் கட்டணப்படி வருடம் 7,897 ரூபாய், வரி தனி.

எனக்கு என்.ஓ.சி. வர 24 நாள், தமிழ்நாட்டு எண் வர அதற்கு மேல் ஏழு வாரம். வெளிமாநில எண்ணுடன் ஓட்ட சட்டம் 12 மாதம் தருகிறது என்று பலர் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடாதீர்கள்; என்.ஓ.சி. பழசானால் மறுபடி பெங்களூர் போக வேண்டிவரும்.

3. முதல் வாரம்: இடது காலைக் கட்டிப்போடுங்கள்

இதுதான் உயிருக்கு ஆபத்தான இடம். மேனுவல் ஓட்டிய இடது கால், கார் நிற்கப் போகிறது என்று தெரிந்தவுடன் கிளட்சைத் தேடி முழு பலத்துடன் இறங்கும். அங்கே இருப்பது அகலமான பிரேக் பெடல். நான் மூன்றாம் நாள் தெருமுனையில் அப்படி மிதித்தேன். கார் ஆணியடித்ததுபோல நின்றது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றார்.

இடப்பக்கம் கால் வைக்க இருக்கும் மேடையில் குதிகாலை அழுத்தி வைத்துப் பழகுங்கள். முதல் இரண்டு நாள் ஞாயிற்றுக்கிழமை காலைபோல வெறிச்சோடிய நேரத்தில், காலியான இடத்தில், நிற்பதும் கிளம்புவதும் மட்டும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை. எனக்குப் பத்து நாளில் இடது கால் அடங்கியது. அதுவரை வீட்டில் இருக்கும் மேனுவல் காரைத் தொடாமல் இருந்தால் சீக்கிரம் பழகும்.

4. நெரிசலில்: நின்றால் முழுதாக நில்லுங்கள்

வழக்கமான ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது, அதனால் எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் தேய்வதற்கு ஒன்றும் இல்லை. டூயல் கிளட்சில் ஊர்வது என்றால், கம்ப்யூட்டர் உங்களுக்காக ‘ஆஃப் கிளட்ச்’ பிடிக்கிறது என்று அர்த்தம். தட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும்.

பிரேக்கை முழுதாக மிதித்து நின்றால் கிளட்ச் விலகிவிடும், உரசல் இல்லை. பிரேக்கைப் பாதி மிதித்து, முன் வண்டி நகர நகர அரை அடி, ஒரு அடி என்று நகர்ந்தால் அந்த நேரம் முழுவதும் உரசல்தான். நம் ஊரில் இடைவெளி விட்டால் ஆட்டோ நுழைந்துவிடும் என்பதால் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். ஆட்டோ நுழையட்டும். முன்னால் ஒரு காரின் நீளம் இடைவெளி விழும்வரை பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள். பிறகு பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வேகத்துக்கு ஒரே மூச்சில் போங்கள். மறுபடி முழுதாக நில்லுங்கள். கிண்டியிலிருந்து சைதாப்பேட்டை வரை மாலை ஏழு மணிக்கு இப்படிப் போய்ப் பார்த்தேன். ஊர்ந்து போனவர்களைவிட நான் தாமதமாகச் சேரவில்லை.

சிக்னலில் ‘என்’ (நியூட்ரல்) போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிரேக் முழுதாக மிதித்திருந்தால் தேவையில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிறோம் என்றால், கால் வலிக்காமல் இருக்க ‘பி’ (பார்க்கிங்) போட்டுக்கொள்ளலாம். நின்றவுடன் எஞ்சினைத் தானாக அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருந்தால் நெரிசலில் அதை அணைத்துவிடுங்கள். எஞ்சின் உயிர்பெறும் நேரமும் கிளட்ச் பிடிக்கும் நேரமும் சேர்ந்து, கார் நகரவில்லையே என்று நீங்கள் கூடுதலாக மிதிப்பீர்கள், அது குதித்துப் பாயும்.

5. மேம்பாலம், பேஸ்மென்ட், ரிவர்ஸ்

என் எச்சரிக்கை விளக்கின் கதை இதுதான். எங்கள் பேஸ்மென்ட் சரிவு செங்குத்தானது, மேலே இரும்பு கேட். காவலாளி திறக்கும்வரை நான் சரிவின் நடுவில், பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து காரை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். மேனுவல் காரில் ஆஃப் கிளட்சில் மேம்பாலத்தில் நிற்பதுபோல. பன்னிரண்டு நாள், காலையும் மாலையும். ஈர கிளட்சில் கருகல் வாடைகூட எளிதில் வராது. எண்ணெய் சூட்டை வாங்கி வாங்கி, ஒரு நாள் திரையில் சொல்லிவிட்டது.

இப்போது சரிவின் அடியிலேயே, சமதரையில், ஹாரன் அடித்துவிட்டு நிற்கிறேன். கேட் முழுதாகத் திறந்தபின் ஒரே ஓட்டமாக மேலே வருகிறேன். எங்கேயும் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் பிரேக்கால் மட்டுமே நிறுத்துங்கள். ஹில் ஹோல்டு இருக்கும் கார்களில் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பின்னும் சுமார் இரண்டு விநாடி பிடித்து வைக்கும். அதற்குள் ஆக்சிலரேட்டருக்கு வந்துவிடலாம். நேரம் போதாது என்று தோன்றினால் பார்க்கிங் பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

ரிவர்ஸில் மேடேறுவது இன்னும் மோசம். அங்குலம் அங்குலமாக நகர வேண்டியிருப்பதால் கிளட்ச் முழுதாகப் பிடிக்கவே பிடிக்காது. முடிந்தவரை காரின் முகம் வெளியே பார்க்க நிறுத்தும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஆர்-இலிருந்து டி-க்கோ, டி-இலிருந்து ஆர்-க்கோ மாறும்போது சக்கரம் அசையாமல் நின்றிருக்க வேண்டும். உருண்டுகொண்டே மாற்றாதீர்கள்.

சரிவில் நிறுத்திவிட்டு இறங்கும்போது வரிசை முக்கியம்: பிரேக் மிதித்தபடியே ‘என்’, பிறகு பார்க்கிங் பிரேக், பிறகு காலை எடுத்து கார் அதில் உட்காருவதைப் பாருங்கள், மறுபடி பிரேக்கை மிதித்து ‘பி’. நேரடியாக ‘பி’ போட்டால் காரின் மொத்த எடையும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன உலோகக் கொண்டியில் தொங்கும். மறுநாள் காலை ‘பி’-யை எடுக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தால் அதுதான்.

எச்சரிக்கை வந்துவிட்டால் பதற வேண்டாம். ஓரமாக நிறுத்தி, ‘பி’ போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் சுற்றிக் குளிரும். அணைத்துவிட்டால் சூடு உள்ளேயே நிற்கும். எனக்குப் பத்து நிமிடத்தில் அடங்கியது.

6. டி, எஸ், பேடில்

டி-யில் இந்தப் பெட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கவே பார்க்கும். 60 கி.மீ. வேகத்துக்குள்ளேயே மேல் கியர்களுக்குப் போய்விடும். ஓ.எம்.ஆரில் சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் சேரும்போது நான் திடீரென்று மிதித்தேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு கணம் மிக நீளமானது, பக்கக் கண்ணாடியில் பஸ் வளர்ந்துகொண்டே வந்தது. காரணம் இதுதான்: நான் மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் அடுத்த மேல் கியரைத் தயார் செய்து வைத்திருந்தது. நான் கேட்டதோ கீழ் கியர். போட்டு வைத்ததை எடுத்து, வேறொன்றைப் போட்டுத்தான் அது வர முடியும்.

தீர்வு எளிது. வேகம் வேண்டும் என்று தெரிந்தவுடன், மிதிப்பதற்கு முன்பே, ஸ்டீயரிங்கின் இடப்பக்கப் பேடிலை (கியர் மாற்றும் சின்ன நெம்புகோல்) ஒருமுறையோ இருமுறையோ இழுத்துக் கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். அல்லது எஸ் (ஸ்போர்ட்) போடுங்கள். வலப்பக்கப் பேடில் மேல் கியருக்கு. டி-யில் இருக்கும்போது பேடிலைத் தொட்டால் கொஞ்ச நேரத்துக்குத்தான் உங்கள் கையில் இருக்கும், பிறகு தானாக டி-க்குத் திரும்பிவிடும். உடனே திரும்ப வேண்டும் என்றால் வலப்பக்கப் பேடிலை ஒரு விநாடி இழுத்துப் பிடியுங்கள். ஆக்சிலரேட்டரின் அடியில் ‘க்ளிக்’ என்று ஒரு தடை தட்டுப்படும். அதையும் தாண்டி மிதித்தால் கிடைக்கும் வேகம், முதல் மாதம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஈரமான சாலையில் அதைத் தொடாதீர்கள்.

7. முதல் மலைப்பாதை

ஒரு மாதம் ஓட்டிய பிறகு போங்கள். முதல்முறைக்கு நான் ஏலகிரியைச் சொல்வேன். சென்னையிலிருந்து சுமார் 230 கி.மீ., 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய பலகைகள் இருப்பதால் எந்த வளைவில் என்ன செய்தோம் என்று நினைவில் வைத்துப் பழக வசதி. 70 வளைவுள்ள கொல்லிமலையை இரண்டாவது வருடத்துக்கு வையுங்கள்.

ஏறும்போது டி வேண்டாம். வளைவுக்காகக் காலை எடுத்தவுடன் அது மேல் கியருக்குப் போய்விடும், வளைவிலிருந்து வெளியே வரும்போது திணறும். எஸ் போடுங்கள், அல்லது பேடிலில் இரண்டாவதைப் பிடித்து வையுங்கள். முன்னால் சரக்கு லாரி ஊர்ந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகாமல், நின்று, இடைவெளி விட்டு, பிறகு போங்கள். நான்காவது பகுதியில் நெரிசலுக்குச் சொன்ன விதி மலையில் இரண்டு மடங்கு உண்மை. இறங்கும்போது இரண்டாவது கியரின் பிடிப்பில் இறங்குங்கள். ‘என்’ போட்டு உருட்டுவது பெட்ரோலை மிச்சப்படுத்தாது, பிரேக்கைத்தான் காய்ச்சும்.

8. லாஞ்ச் கண்ட்ரோல்

நின்ற இடத்திலிருந்து முழு பலத்துடன் பாய்ந்து கிளம்ப வைக்கும் வசதி இது. செய்யாதீர்கள். ஆசை தீரவில்லை என்றால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பொதுமக்களுக்கு அனுமதி இருக்கும் நாளில், எஞ்சினும் கியர் எண்ணெயும் நன்றாகச் சூடான பிறகு, ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கிளட்சின் ஆயுளில் ஒரு பங்கு போகிறது.

9. செலவும் சர்வீஸும்

என் கையிலிருந்து போனதைச் சொல்கிறேன். கியர்பாக்ஸ் எண்ணெயும் ஃபில்ட்டரும் தனி ஒர்க்ஷாப்பில் 28,000 ரூபாய். ஐந்து லிட்டருக்கு மேல் எண்ணெய் போகும், அதற்கென்றே உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அளவு பார்ப்பது 35 முதல் 45 டிகிரி எண்ணெய்ச் சூட்டில், எஞ்சின் ஓடும்போது. ஸ்கேனரை மாட்டாமல் அளவு பார்க்கும் கடையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மாற்றியபின் கிளட்ச் அடாப்டேஷனையும் (கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பழக்குவது) செய்யச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் ஹால்டெக்ஸ் அமைப்புக்குத் தனி எண்ணெய் உண்டு, எனக்கு 9,000 ரூபாய். பெட்ரோல் 95 ஆக்டேன் போடுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒன்று. தேங்கிய நீரின் ஆழம் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள். இந்தக் கார் தாழ்வானது. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாமல் சென்னையில் பாலிசி எடுக்காதீர்கள். தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

நின்றுபோன காரை இழுத்துச் செல்ல வேண்டியிருந்தால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வண்டி மட்டும்தான். முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரம் உருள இழுத்தால் கியர்பாக்ஸும் ஹால்டெக்ஸும் கெடும். காப்பீட்டுக்காரர்களின் உதவி எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். கூப்பிடும்போது, “தாழ்வான கார், நாலு சக்கரமும் ஓடுற வண்டி, ஃப்ளாட்பெட்தான் வேணும்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.